டெர்பி பகை வேண்டும், அதில் காவிரியைக் கலக்க வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் வாசகர் கடிதப் பகுதியில் ஒருவர், பெரியமேடு நேரு ஸ்டேடியத்தில் கேரளா பிளாஸ்டர்ஸ் கால்பந்து அணி ஆட வரும்போது சென்னை ரசிகர்கள் கூச்சல் போட்டுக் கேலி செய்வதைக் கண்டித்து எழுதியிருந்தார். வந்தாரை வாழவைக்கும் ஊருக்கு இது அழகா, விருந்தாளியிடம் இப்படியா நடந்துகொள்வது என்று கேட்டிருந்தார். நல்ல மனசோடுதான் எழுதியிருக்கிறார், ஆனால் அவர் கேலரியில் உட்கார்ந்து ஒரு டெர்பி, அதாவது பக்கத்துப் பக்கத்து அணிகள் மோதுகிற ஆட்டம், பார்த்தவர் இல்லை என்று தெரிகிறது. ஆட வருகிற அணி விருந்தாளி கிடையாது. மூன்று புள்ளியை எடுத்துக்கொண்டு போக வருகிறவர்கள் அவர்கள், நாங்கள் அவர்கள் ஊருக்குப் போனால் அவர்களும் அதே கூச்சலைத்தான் போடுகிறார்கள், அதை நாங்கள் குறை சொன்னதே இல்லை. கூச்சல் போடுவோம், அடுத்த முறையும் போடுவோம்.

ஆனால் அந்தக் கடிதத்தின் கடைசிப் பத்தியில் அவர் சொல்லியிருந்த ஒரு விஷயம் என்னைச் சும்மா இருக்கவிடவில்லை. சிலர் கால்பந்தை விட்டுவிட்டு மாநிலத்தையும் மொழியையும் இழுக்கிறார்கள் என்று எழுதியிருந்தார். அது உண்மை. அதைப் பற்றி எங்கள் கேலரியில் இருந்தே யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

நான் பெரம்பூர்க்காரன், அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை. நம் ஊர்க் கிளப்பான சென்னையின் எஃப்சி தொடங்கிய 2014-லிருந்து பார்த்து வருகிறேன். இந்தப் பகை எங்கிருந்து வந்தது என்று வாசகர்களுக்குக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும்.

இந்தியன் சூப்பர் லீக்கின் (ஐ.எஸ்.எல்) முதல் சீசன். லீக் அட்டவணையில் முதலிடம் நாங்கள், நான்காம் இடம் கேரளா. அரையிறுதியில் இரண்டு பேரும் மோதுகிறோம். கொச்சியில் நடந்த முதல் ஆட்டத்தில் இஷ்ஃபாக் அகமது ஒன்று, இயான் ஹியூம் ஒன்று போட்டு 2-0, சரி போகட்டும், சென்னையில் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருக்கும்போது இஞ்சுரி டைமில் சுஷாந்த் மாத்யூ தூரத்திலிருந்து வளைத்து அடித்தாரே ஒரு கோல், அதோடு 3-0. மூன்று நாள் கழித்து டிசம்பர் 16 அன்று நம் ஊரில் இரண்டாவது ஆட்டம். சில்வெஸ்ட்ரே ஒன்று போட்டார், அப்புறம் கேரளாவின் சந்தேஷ் ஜிங்கன் மேல் பட்டு அவர்கள் வலைக்குள்ளேயே ஒன்று போனது, தொண்ணூறாவது நிமிடத்தில் ஜெஜே மூன்றாவதைப் போட்டார். மொத்தக் கணக்கு 3-3. அந்த நேரத்தில் கேலரியில் இருந்தவர்களுக்குத்தான் தெரியும் அது என்ன மாதிரி சத்தம் என்று, முன்பின் தெரியாதவர்கள் ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். எக்ஸ்ட்ரா டைம் முடிய மூன்று நிமிடம் இருக்கும்போது, 117-வது நிமிடத்தில், ஸ்டீபன் பியர்சன் என்கிற ஸ்காட்லாந்துக்காரர் எங்கள் பெனால்டி பாக்ஸுக்குள் புகுந்து அடித்துவிட்டார். முடிந்தது. அவர்கள் இறுதிப் போட்டிக்கு மும்பை போனார்கள், நாங்கள் சூளை வழியாக நடந்து வீட்டுக்குப் போனோம்.

அன்று ஆரம்பித்தது. இதில் எங்கே மாநிலம் வந்தது, எங்கே மொழி வந்தது? ஒரு கோல், அவ்வளவுதான்.

அதற்கு மேல் எண்ணெய் ஊற்றியது 2017 டிசம்பர் 22. அதுவும் சென்னையில்தான். 89-வது நிமிடத்தில் எங்களுக்குப் பெனால்டி கிடைத்தது, ரெனே மிஹெலிச் அடித்தார், 1-0. எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியவர் டிபன் பாக்ஸையும் தண்ணீர் பாட்டிலையும் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டார், ஜெயித்துவிட்டோம் கிளம்பலாம் என்று. அவர் படியில் இறங்கிக்கொண்டிருக்கும்போதே இஞ்சுரி டைமில் சி.கே. வினீத் போட்டுவிட்டார், 1-1. எதிர்ப்பக்கம் முழுக்க மஞ்சள் குதிக்கிறது. பெரியவர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இப்படி ஒரு கோலை வாங்கியவன் அடுத்த முறை அந்த மஞ்சள் ஜெர்சியைப் பார்த்தால் சும்மா கைகட்டி நிற்பானா?

இந்த எதிர்ப்பக்க மஞ்சளைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் வயிற்றெரிச்சலின் மையமே அதுதான். கேரளா ஆட வருகிற நாள் காலையிலேயே சென்ட்ரலில் மஞ்சள் ஜெர்சிகள் இறங்க ஆரம்பித்துவிடும். இரவு முழுக்க ரயிலில் உட்கார்ந்து வந்த பையன்கள், தோளில் சுருட்டிய பேனர், கையில் டிரம். அவர்களோடு இங்கே படிக்கிற மலையாளி மாணவர்கள், பழைய மகாபலிபுரம் சாலை ஐடி கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், குடும்பம் குடும்பமாக வந்து சேர்வார்கள். ஆறு மணிக்கு உள்ளே போய்ப் பார்த்தால் நம் ஸ்டேடியத்தில் நம் நீலத்தைவிட அவர்கள் மஞ்சள் அதிகமாகத் தெரிகிற நாட்கள் இருந்திருக்கின்றன. சொந்த வீட்டில் அவர்கள் பாட்டு நம் பாட்டை அமுக்கும். இது ஒரு ரசிகனுக்கு எவ்வளவு பெரிய அவமானம் என்று கிரிக்கெட் மட்டும் பார்க்கிறவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது கஷ்டம். சேப்பாக்கத்தில் பாதிக்கு மேல் வேறு அணியின் நிறம் உட்கார்ந்திருந்தால் நமக்கு எப்படி இருக்கும், யோசித்துப் பாருங்கள்.

பெங்களூரு கதை வேறு. நிலவரைபடத்தில் எங்களுக்கு மிகப் பக்கத்துக் கிளப் அவர்கள்தான், காலையில் ரயில் ஏறினால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அங்கே இருக்கலாம். 2013-இல் ஆரம்பித்து முதல் சீசனிலேயே, அன்று நாட்டின் முதன்மை லீக்காக இருந்த ஐ-லீக்கின் பட்டம், பயிற்சி, அலுவலகம், அகாடமி எல்லாம் ஒழுங்கு, சுனில் சேத்ரி கேப்டன். 2017-இல் ஐ.எஸ்.எல்லுக்கு வந்தபோது, இந்த லீக்குக்கே நாங்கள்தான் கால்பந்து சொல்லிக்கொடுக்க வந்திருக்கிறோம் என்கிற தோரணை அவர்கள் ரசிகர்களிடம் இருந்தது. (ஜெர்சியும் எங்களைப் போலவே நீலம், அது வேறு எரிச்சல்.) அந்த டிசம்பரில் கண்டீரவா ஸ்டேடியத்தில் முதல்முறையாக மோதினோம். ஜெஜே ஐந்தாவது நிமிடத்திலேயே போட்டார், 85-இல் சேத்ரி சமன் செய்தார், சரி இதுவும் போச்சு என்று நினைத்தபோது 88-இல் தனபால் கணேஷ் தலையால் முட்டி உள்ளே தள்ளினார். வியாசர்பாடிப் பையன்! குட்டி பிரேசில் என்று பேர் வாங்கிய வியாசர்பாடியில் மண் தரையில் ஆடி வளர்ந்தவர், பெங்களூருவின் கோட்டையில் வெற்றி கோல் போடுகிறார். எங்கள் பக்கத்துத் தெருக்களில் அன்று வெடி வெடித்தார்கள்.

அந்த சீசன் லீக்கில் அவர்கள் எங்களைவிட எட்டுப் புள்ளி முன்னால். இறுதிப் போட்டி 2018 மார்ச் 17, அதுவும் கண்டீரவாவில், அவர்கள் கூட்டத்துக்கு நடுவில். ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி பாய்ந்து முட்டி 1-0. அப்புறம் நடந்ததை இன்றும் நிமிடம் நிமிடமாகச் சொல்வேன். கிரெகரி நெல்சன் கார்னர் அடிக்கிறார், மைல்சன் ஆல்வஸ் முட்டுகிறார், கோல். இடைவேளைக்குக் கொஞ்சம் முன்னால் மறுபடி நெல்சன் கார்னர், மறுபடி மைல்சன் தலை, கோல். 67-இல் ரஃபேல் அகஸ்டோ பாக்ஸுக்கு வெளியிலிருந்து அடித்தது மூன்றாவது. கடைசியில் மிக்கு ஒன்று போட்டு 3-2 ஆக்கினார், அதற்கு மேல் நேரம் இல்லை. பக்கத்து ஊர்க்காரன் வீட்டுக் கூடத்தில் நின்று கோப்பையைத் தூக்கினோம். 2015-இல் வெள்ளத்தில் நகரமே மூழ்கி, அரையிறுதியைப் புனேயில் ஆடி, கோவாவில் போய் ஜெயித்த முதல் கோப்பை மனசுக்கு நெருக்கமானது என்றால், இந்த இரண்டாவது கோப்பையின் ருசி தனி. அந்த ருசிக்குக் காரணம் எதிரில் இருந்தது பெங்களூரு என்பதுதான். பகை இல்லாவிட்டால் அந்த ருசி ஏது?

2020 பிப்ரவரியில் கொச்சிக்கே போய் 6-3 என்று கொடுத்ததும் அப்படித்தான். ஓக்பெச்சே தனியாக மூன்று கோல் போட்டும் அவர்களைக் காப்பாற்ற முடியவில்லை. வால்ஸ்கிஸ் இரண்டு, கிரிவெல்லாரோ இரண்டு, சாங்டே இரண்டு. அந்த ஸ்கோரை இன்னும் என் தொழிற்சாலை மெஷின் மேல் சாக்பீஸால் எழுதி வைத்திருக்கிறேன், என்னோடு வேலை பார்க்கிற திருச்சூர்க்காரர் ஒருவர் பார்க்கும்போதெல்லாம் அழிப்பார், நான் திரும்ப எழுதுவேன்.

இதுதான் எங்கள் பகை. இதில் மறைக்க ஒன்றும் இல்லை, மன்னிப்புக் கேட்கவும் ஒன்றும் இல்லை.

இப்போது அந்த வாசகர் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கேரளா ஆட்டத்தில் எங்கள் வரிசைக்கு இரண்டு வரிசை கீழே ஒரு குடும்பம், டிக்கெட் கிடைத்த இடத்தில் வந்து உட்கார்ந்திருந்தது. அப்பா மஞ்சள் ஜெர்சி, அம்மா சாதாரணப் புடவை, ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை கன்னத்தில் மஞ்சள் பூசிக்கொண்டு. கேரளா ஒரு கோல் போட்டதும் அந்தக் குழந்தை எழுந்து கைதட்டியது. எங்கள் பக்கம் ஒருவர், நீலச் சட்டை போட்டவர்தான், எழுந்து நின்று முல்லைப் பெரியாறு என்று ஆரம்பித்தார். எங்க தண்ணியைத் தடுக்கிற ஊர்க்காரன் எங்க ஊர்ல வந்து கைதட்டுறியா என்று. அதற்கு மேல் அவர் சொன்னதை இங்கே எழுத முடியாது. அந்த அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. குழந்தையை மடியில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டார், ஆட்டம் முடிகிறவரை அந்தக் குழந்தை எழுந்திருக்கவே இல்லை. எங்களில் நாலைந்து பேர் அந்த ஆளை அதட்டி உட்காரவைத்தோம். ஆனால் சுற்றி இருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பெங்களூரு ஆட்டம் என்றால் இதே ஆட்கள் காவிரியை எடுத்துக்கொள்வார்கள். காவிரி நம் டெல்டா விவசாயிகளின் உயிர்ப் பிரச்சினை. அதற்குத் தீர்ப்பாயம் இருந்தது, உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லியிருக்கிறது, மேலாண்மை ஆணையம் இருக்கிறது. குறுவைக்குத் தண்ணீர் வருமா வராதா என்று தஞ்சாவூரில் ஒருவர் வானத்தையும் மேட்டூர் நீர்மட்டத்தையும் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இங்கே ஒருவர் சேத்ரி ப்ரீ கிக்கை வெளியே அடித்ததற்குக் காவிரி என்று கத்தினால் அது விவசாயிக்கும் அவமானம், கால்பந்துக்கும் அவமானம். கோபம் இருந்தால் ரெஃப்ரியைத் திட்டுங்கள், அவர்கள் கோல்கீப்பர் பந்தைப் பிடிக்கும்போது ஊளையிடுங்கள், அவர்கள் தோற்ற இறுதிப் போட்டிகளை எண்ணிச் சொல்லுங்கள். கேரளாவுக்கு அதில் 2014, 2016, 2022 என்று மூன்று இருக்கின்றன, மூன்றையும் தாளம் போட்டுப் பாடலாம், ஒருவரும் தவறு சொல்ல மாட்டார்கள்.

எதிர்ப்பக்கமும் இதில் சுத்தம் இல்லை. சி.கே. வினீத்தைச் சொன்னேனே, அதே வினீத் 2019 ஜனவரியில் கேரளாவிலிருந்து கடனாக எங்கள் அணிக்கு வந்தார். அடுத்த மாதம் நீல ஜெர்சியில் கொச்சிக்கு ஆடப் போனார். ஆட்டம் முடிந்த பிறகு, மைதான ஓரத்தில் பந்து எடுத்துக் கொடுக்கிற சிறுவனை அவர் கெட்ட வார்த்தையில் திட்டினார் என்று ஒரு குரல் பதிவு சுற்றியது. அவர் அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்லி போலீசில் புகார் கொடுக்க வேண்டியதாகிவிட்டது. கண்ணூர்க்காரர், அவர்களுக்காக எத்தனை கோல் போட்டவர், எங்களை அழவைத்தவர், ஜெர்சி மாறிய ஒரே காரணத்துக்காகச் சொந்த ஊரிலேயே அந்த நிலைமை. எனக்கு அவர்மேல் 2017-லிருந்து கோபம் உண்டு, ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது அவருக்காகத்தான் மனசு வலித்தது. எங்கள் 2018 சாம்பியன் அணியிலும் மலையாளி இருந்தார், காசர்கோடு மாவட்டத்து முகமது ராஃபி, அதற்கு முன் கேரளாவுக்கு ஆடியவர்தான். ஆறுகளைச் சொல்லிக் கத்துகிறவர்கள் அந்தக் கோப்பையில் அவர் பங்கை என்ன செய்வார்கள்?

இதெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு, யாருக்கு என்ன ஆகிவிடப்போகிறது என்று நினைப்பவர்கள் கல்கத்தாவைப் பார்க்க வேண்டும். 1980 ஆகஸ்ட் 16, ஈடன் கார்டன்ஸில் மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் ஆட்டம். மைதானத்தில் ஆரம்பித்த தகராறு கேலரிக்கு ஏறி, நெரிசலில் 16 ரசிகர்கள் செத்துப்போனார்கள். ஆட்டம் பார்க்கப் போன பதினாறு பேர் வீடு திரும்பவில்லை. இந்தியாவில் நடந்தது, நம் வாழ்நாளில் நடந்தது. அதே இரண்டு கூட்டமும் 2024 ஆகஸ்டில் என்ன செய்தது என்பதையும் சொல்ல வேண்டும். ஆர்.ஜி. கர் மருத்துவமனையில் பெண் மருத்துவர் கொல்லப்பட்ட பிறகு ஊரே தெருவில் நின்றது, டுராண்டு கோப்பை டெர்பியைப் பாதுகாப்புக் காரணம் சொல்லி ரத்து செய்தார்கள். ஆட்டம் இருந்திருக்க வேண்டிய அதே நாளில் இரண்டு கிளப் ரசிகர்களும் சால்ட் லேக் ஸ்டேடியத்துக்கு வெளியே ஒன்றாக நின்று நீதி கேட்டார்கள், போலீஸ் தடியடியையும் ஒன்றாக வாங்கினார்கள். நூறு வருடப் பகை அவர்களுக்கு, அதை ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை, அடுத்த டெர்பியில் பழையபடி திட்டிக்கொண்டுதான் இருந்தார்கள். எதை எங்கே வைக்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்.

அந்த டெர்பியில் நம் ஊருக்கும் ஒரு பங்கு இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. 2023 ஆகஸ்டில் ஈஸ்ட் பெங்கால் நாலரை வருடத்துக்குப் பிறகு மோகன் பகானை ஜெயித்தது, 1-0. அந்த ஒரு கோலைப் போட்டது சென்னைப் பையன் நந்தகுமார் சேகர். பாதி கல்கத்தா அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. நம் ஊர் டீக்கடையில் அவர் பெயரைச் சொன்னால் எத்தனை பேருக்குத் தெரியும்?

இங்கேதான் நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது வருகிறது. எங்களுக்குக் கேரளா மேல் இருப்பது கோபம் மட்டும் இல்லை, பொறாமையும்தான், அதைச் சொல்ல வெட்கப்பட வேண்டியதில்லை. மாநில அணிகள் மோதுகிற சந்தோஷ் டிராபியை எடுத்துக்கொள்ளுங்கள். கேரளா ஏழு முறை ஜெயித்திருக்கிறது. கர்நாடகா, பழைய மைசூர் பெயரையும் சேர்த்து, ஐந்து முறை, கடைசியாக 2023-இல் ரியாத்தில். தமிழ்நாட்டு ஆண்கள் அணி ஒருமுறைகூட ஜெயித்தது இல்லை. கேரளாவில் 2024-இல் ஆறு அணிகளை வைத்து மாநில அளவில் ஒரு லீக்கையே தொடங்கிவிட்டார்கள். நமக்கு 2019-இல் சென்னை சிட்டி எஃப்சி கோயம்புத்தூர் நேரு ஸ்டேடியத்தில் வைத்து ஐ-லீக் சாம்பியன் ஆனது, ஈஸ்ட் பெங்காலை ஒரே ஒரு புள்ளியில் முந்தி, அகில இந்தியாவும் திரும்பிப் பார்த்தது. இரண்டு வருடம்கூட அதைக் காப்பாற்றி வைக்க நமக்குத் தெரியவில்லை, அந்தக் கிளப்பே காணாமல் போய்விட்டது. அதற்கு அடுத்து முழுதாக முடிந்த இரண்டு ஐ-லீக் சீசனையும் வென்றது யார் தெரியுமா, கோகுலம் கேரளா.

நம் பெண்கள்தான் மானத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள். தேசிய சீனியர் பட்டத்தை 2018-இலும் 2023-இலும் தமிழ்நாட்டுப் பெண்கள் ஜெயித்தார்கள், மதுரையின் சேது எஃப்சி 2019-இல் இந்தியப் பெண்கள் லீக்கையே வென்றது. அதற்கு எத்தனை பேர் ரயிலடிக்கு மாலையோடு போனோம்?

ஆக, நம் ஸ்டேடியத்தில் மஞ்சள் அதிகம் தெரிகிறது என்றால் அது மஞ்சளின் குற்றம் இல்லை. அவர்கள் இரவு முழுக்க ரயிலில் வருகிறார்கள், நாம் கோடம்பாக்கத்திலிருந்து வருவதற்கு யோசிக்கிறோம். அந்தக் காலி நாற்காலிகளை ஆறுகளின் பெயரைக் கத்தி நிரப்ப முடியாது. திருச்சூர்க்காரரிடம் ஒருநாள் இதைப் பற்றிப் பேச்சு வந்தது. "அண்ணா, உங்களைப் பார்த்து எங்க ஆளுங்களுக்குப் பெரிய கோபம் எல்லாம் இல்ல, எங்களுக்குப் பெங்களூருதான்" என்றார். 2023 மார்ச்சில் கண்டீரவாவில் கேரளா வீரர்கள் தயாராகும் முன்பே சேத்ரி வேகமாக அடித்துக் கோலாக்கிய அந்த ப்ரீ கிக்கை அவரால் இன்றும் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. கேரளா அணி அப்படியே மைதானத்தை விட்டு வெளியேறி, பிறகு நாலு கோடி ரூபாய் அபராதமும் வாங்கியது. அதிலிருந்து கொச்சிக்கும் பெங்களூருவுக்கும்தான் பெரிய பகை, ஊடகமும் அதைத்தான் ஊதுகிறது. சேட்டன் சாதாரணமாகத்தான் சொன்னார், ஆனால் என்னைத் திட்டியிருந்தால்கூட அவ்வளவு சுட்டிருக்காது. இரண்டு கோப்பை வாங்கிய கிளப், பக்கத்து ஊர்க்காரன் வெறுக்கக்கூட மெனக்கெடாத கிளப்பாக ஆகிவிடக் கூடாது என்பதுதான் எனக்கு இப்போது இருக்கிற பெரிய கவலை.

இன்னொன்று. 2025 ஜூலையில் லீக்கை அப்போது நடத்திவந்த நிறுவனம், ஒப்பந்தப் பிரச்சினையால் சீசனை நிறுத்தி வைப்பதாக அறிவித்தது. ஆகஸ்டு முதல் வாரத்தில் பெங்களூரு எஃப்சி வீரர்கள், ஊழியர்கள் சம்பளத்தை நிறுத்தியது. எங்கள் ரசிகர்களில் சிலர் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுப் பதிவு போட்டார்கள். ஓரிரு நாளில் சென்னையின் எஃப்சியும் அதே முடிவை எடுத்தது. துணி துவைக்கிறவர், புல் வெட்டுகிறவர், பிசியோ, டிரைவர் எல்லாருக்கும் ஒரே நிலைமை, சென்னையிலும் பெங்களூருவிலும். ஜெயிக்க ஒரு எதிரணி வேண்டும், அது முழு பலத்தோடு வேண்டும். பெங்களூரு கடையை மூடிவிட்டால் 2018 மார்ச் 17-ஐ நான் யாரிடம் போய்ச் சொல்லிக் காட்டுவேன்?

கிளப்புக்கும் ஸ்டேடியத்தைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் சொல்ல விரும்புவது, டெர்பி நாட்களில் வெளியூர் ரசிகர்களுக்குத் தனிப் பகுதி, தனி வாசல் ஒதுக்கி அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்துங்கள். அவர்களும் நிம்மதியாகப் பாடுவார்கள், நாங்களும் நிம்மதியாகத் திட்டுவோம், அந்தக் குழந்தை மாதிரி யாரும் நடுவில் மாட்டிக்கொள்ள மாட்டார்கள். மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு, குறிப்பாக வியாசர்பாடி, புளியந்தோப்பு, காசிமேடு பக்கம் ஆடுகிற பிள்ளைகளுக்கு அந்தக் காலி நாற்காலிகளைக் கொடுங்கள். சத்தம் அவர்கள் போடுவார்கள்.

உங்களிடம் கேட்பது வேறு. டெர்பி முடிந்த மறுநாள் உங்கள் விளையாட்டுப் பக்கத்தில் நாலு வரி, அதற்கு மேலே ஐரோப்பிய லீக் படம் அரைப் பக்கம். கூச்சல், தகராறு என்றால் மட்டும் படத்தோடு செய்தி வருகிறது. சென்னை சீனியர் டிவிஷன் லீக் முடிவுகள் எப்போதாவதுதான் கண்ணில் படுகின்றன. நந்தகுமார் கல்கத்தாவில் கோல் போட்ட செய்தியை நான் வங்காளி நண்பர் ஒருவர் அனுப்பித்தான் தெரிந்துகொண்டேன், நம் ஊர்ப் பத்திரிகையில் படித்து இல்லை. ஊருக்கு அதன் ஆட்டக்காரர்களைத் தெரியவைத்தால், கத்துகிறவனுக்குக் கத்த நல்ல பெயர்கள் கிடைக்கும், ஆறுகளைத் தேடிப் போக மாட்டான்.

அடுத்த கேரளா ஆட்டத்துக்கு உங்கள் நிருபரைப் பிரஸ் பாக்ஸில் உட்காரவைக்காமல் எங்கள் பி ஸ்டாண்டுக்கு அனுப்புங்கள். அந்தக் கடிதம் எழுதிய வாசகரும் வரட்டும், டிக்கெட் என் செலவு. ஆறு மணிக்குள் வந்துவிடச் சொல்லுங்கள், அதற்கு மேல் டிரம் ஆரம்பித்துவிட்டால் போன் அடித்தாலும் கேட்காது.

இப்படிக்கு,
சென்னையின் எஃப்சி ரசிகன்,
பெரம்பூர், சென்னை